பரணிலிருந்து இறங்கிய பெட்டிகள்: வாசகர் கேள்வி – பதில்

பழைய ரெக்கார்டு பிளேயர், கிராமபோன், ஆம்ப்ளிஃபயர் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று போன இதழில் நாலு வரிதான் போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல "பரணை ஒழித்தபோது..." என்றுதான் ஆரம்பிக்கின்றன. சரி, நாமும் பரணிலிருந்தே தொடங்கலாம்.

அப்பா வாங்கிய எச்.எம்.வி. பிளேயர், சூட்கேஸ் மாதிரி இருக்கும். முப்பது வருஷமாகப் பரணில் கிடந்தது. வெள்ளையடிக்கும்போது இறக்கினோம். துடைத்துப் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கிறது. பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

வேண்டாம் அம்மா. இதைப் படிப்பதற்குள் சொருகியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சும்மா கிடந்த பெட்டியில் முதலில் போவது மூன்று சாமான்: கரண்டைத் தேக்கிவைக்கும் கண்டென்சர், ரப்பர், கிரீஸ். மூன்றுமே வெளியே தெரியாது, மூன்றுமே பெரிய செலவும் இல்லை. ஆனால் நேராகக் கரண்ட் கொடுத்து அவற்றோடு மோட்டாரையோ டிரான்ஸ்ஃபார்மரையோ சேர்த்து எரித்துவிட்டால் அப்புறம் செலவுதான். கண்டென்சருக்குள் மெல்லிய ஆக்ஸைடு படலம் ஒன்று இருக்கிறது. வருஷக்கணக்கில் கரண்ட் படாமல் கிடந்தால் அது நைந்துவிடும். அந்த நிலையில் திடீரென்று முழு வோல்டேஜ் ஏறினால் கண்டென்சர் சூடாகி வீங்கும், சில சமயம் வெடிக்கும். பழைய ரேடியோ மெக்கானிக் யாரிடம் போனாலும் அவர் மேஜையில் சீரீஸ் பல்பு ஒன்று தொங்கும், அதாவது செட்டுக்குப் போகிற கரண்ட் ஒரு 60 வாட் குண்டு பல்பு வழியாகப் போகிற மாதிரி கட்டிவைத்திருப்பார். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். ஒரு கணம் எரிந்து மங்கினால் தைரியமாக அடுத்த வேலைக்குப் போகலாம். (எல்.ஈ.டி. பல்பு இதற்கு ஆகாது.) முதல் கரண்ட் அப்படித்தான் போகவேண்டும், அதுவும் விஷயம் தெரிந்தவர் கையால். சில பழைய வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழல்) செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, அடித்தகடு நேராக லைனில் இருக்கும், தொட்டால் ஆளையே தூக்கும்.

நீங்களே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. பேட்டரி போடும் இடம் இருந்தால் திறந்து பாருங்கள், பழைய செல் கசிந்து பச்சை பூத்திருக்கும். ஒயர் மேலுறையை லேசாக வளைத்துப் பாருங்கள், அப்பளம் மாதிரி நொறுங்கினால் ஒயரை மாற்றியே ஆகவேண்டும். பிறகு தட்டு வைக்கும் வட்டத்தை மேலே தூக்கினால் கழன்று வரும். அடியில் மோட்டாரின் சுழற்சியைக் கடத்துகிற ரப்பர் சக்கரம் இருக்கும், அல்லது பெல்ட் இருக்கும். பெல்ட் என்றால் இத்தனை வருஷத்தில் உருகிய கருப்பட்டி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கலாம், வழித்தெடுத்துவிட்டு அதே சுற்றளவில் புதுசு வாங்கவேண்டியதுதான். சக்கரம் என்றால் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். முப்பது வருஷம் ஒரே இடத்தில் மோட்டார் தண்டை அழுத்திக்கொண்டு நின்றிருந்தால் அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும், பாட்டுக்கு நடுவே "டக்... டக்... டக்" என்று அது தாளம் போடும். மேலே பளபளப்பு மட்டும் ஏறியிருந்தால் நைஸ் எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் பிடிமானம் திரும்பிவிடும். கல்லாகியிருந்தால் புது ரப்பர் கட்டவேண்டும்.

கிரீஸ் விஷயத்தில் பொறுமை வேண்டும். பாட்டு முடிந்ததும் தானாகத் திரும்பவேண்டிய, ஊசி மாட்டிய கை பாதியில் நின்றால் அதைத் தள்ளாதீர்கள். அந்தக் காலத்து கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். நாம் பலம் காட்டினால் உள்ளே இருக்கும் வார்ப்பு லீவர் முறிந்துவிடும், அதற்கு ஸ்பேர் கிடைக்காது. இரும்புப் பாகங்களை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, புது கிரீஸை விரல் நுனியளவு மட்டும் தடவுங்கள். சுழலும் தண்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, அவ்வளவு போதும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. பன்னிரண்டு வயதில் எங்கள் வீட்டு செட்டின் வால்யூம் திருகு கரகரத்தபோது சமையலறையிலிருந்து எடுத்துவந்து நான் தாராளமாக விட்டேன். ஒரு வாரம் அமைதியாக இருந்தது. மார்கழியில் உறைந்து, பங்குனியில் பிசினாகி, கடைசியில் திருகையே மாற்றினோம். என்னைச் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் "எண்ணெய் வேணுமா" என்று அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரியாகி, வட்டமும் சுற்றி, சத்தம் மட்டும் வரவில்லையா? அப்படியானால் கார்ட்ரிட்ஜ்தான், அதாவது ஊசியின் அசைவைக் கரண்டாக மாற்றுகிற பாகம். பழைய கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது ரோஷல் உப்பு. பெயரிலேயே உப்பு இருக்கிறது, நம்மூர் ஐப்பசி ஈரத்தில் அது எத்தனை வருஷம் தாங்கும்? செராமிக் கார்ட்ரிட்ஜாக மாற்றிவிடுங்கள். அதே இடத்தில் பொருந்தும்படி கிடைக்கும்.

தாத்தாவின் 78 சுற்றுத் தட்டுகளில் பூஞ்சை. கொரோனா காலத்து சானிடைசர் மிச்சம் இருந்ததால் அதை விட்டுத் துடைத்தேன். துணி கருப்பாகிவிட்டது, தட்டு மங்கிவிட்டது. என்ன தவறு செய்தேன்?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

தட்டையே கரைத்துவிட்டீர்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தத் தட்டு அரக்கில் செய்தது. கதவுக்குப் பாலிஷ் போட வரும் ஆசாரி அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில். சானிடைசரில் இருப்பதும் அதே சாராய வகைதான். போன பளபளப்பு திரும்பாது. மற்ற தட்டுகளையாவது காப்பாற்றுங்கள். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, மெத்தென்ற துணியை நனைத்து, பள்ளம் சுற்றிப்போகிற திசையிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை துடைத்து, உடனே காயவைக்கவேண்டும். நடுவில் இருக்கும் லேபிளில் ஈரம் படக்கூடாது. விரிசல் விட்ட தட்டு என்றால் தண்ணீரே காட்டாதீர்கள்.

1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்த எல்.பி.யும் (33⅓ சுற்றில் நீண்ட நேரம் ஓடும் தட்டு), மறுவருஷம் ஆர்.சி.ஏ. நிறுவனம் கொண்டுவந்த 45 சுற்றுத் தட்டும் வைனில், அதாவது பி.வி.சி. அவற்றைத் துடைக்கும் தண்ணீரில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் சேர்த்தால் ஒன்றும் ஆகாது. எது எது என்று சந்தேகமாக இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். அரக்குத் தட்டு கனமாக இருக்கும், வளையாது, கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். நம் நாட்டில் அறுபதுகள் வரைக்கும் 78 வந்துகொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாட்டுக்கூடக் கல்கத்தா டம்டம் ஆலையில் 78-ஆக அச்சாகியிருக்கிறது, இன்றைக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். ஆகவே புதிய பாட்டுதானே, வைனிலாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஸ்பிரிட்டை எடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் அக்கா தன் பழைய டர்ன்டேபிளை எனக்குக் கொடுத்துவிட்டாள். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் ஓட்டுகிறேன். ஆனால் பாடுகிற அம்மாள் எல்லாம் ஜலதோஷம் பிடித்த மாதிரி பாடுகிறார்கள். மெக்கானிக் பெல்ட் தளர்வு என்றார், மாற்றியும் அப்படியே.
— ஒரு வாசகர், திருச்சி

பெல்ட்டின் மேல் தப்பில்லை, தம்பி. டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும், அதோடு சரி. கரண்ட் ஒரு விநாடிக்கு எத்தனை முறை திசை மாறிச் சுழல்கிறது என்பதை அதனால் மாற்றமுடியாது. அமெரிக்காவில் 60, இங்கே 50 (இதைத்தான் ஹெர்ட்ஸ் என்பார்கள்). பழைய டர்ன்டேபிள்களில் பெரும்பாலும் இருப்பது அந்த எண்ணைப் பார்த்தே ஓடுகிற மோட்டார். ஆக உங்கள் பிளேயர் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுற்றுகிறது, நிமிஷத்துக்கு 33⅓ சுற்றவேண்டியது 28-ஐக்கூடத் தொடவில்லை. சுருதிக் கணக்கில் மூன்று அரைச்சுரத்துக்கும் சற்று மேலேயே இறக்கம். ஐந்து கட்டையில் பாடுகிற பாடகி உங்கள் வீட்டில் மூன்று கட்டைக்கும் கீழே பாடிக்கொண்டிருக்கிறார். ஜலதோஷம் என்று நீங்கள் சொன்னது சரியான காதுதான்!

மருந்து என்னவென்றால் மோட்டார் தண்டின் மேல் இருக்கும் சின்னப் பித்தளைக் கப்பி. அதே மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் கப்பி என்று தனியாகச் செய்திருப்பார்கள், விட்டம் கொஞ்சம் பெரிது. தேடினால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் நல்ல லேத் பட்டறையில் கடையச் சொல்லலாம், ஆனால் கப்பியின் விட்டம் கொஞ்சம் பிசகினாலும் காதுக்குத் தெரிந்துவிடும், அதனால் கடைபவரின் கைமேல் நம்பிக்கை இருந்தால் மட்டும். மோட்டாரே நேராக வட்டத்தைச் சுற்றுகிற டைரக்ட் டிரைவ் பிளேயர்களிலும், டி.சி. மோட்டார் உள்ளவற்றிலும் இந்தத் தொல்லை இல்லை. வோல்டேஜை மட்டும் சரிசெய்தால் போதும்.

மாற்றிய பிறகு வேகத்தைச் சரிபார்க்க, 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின் மேல் வைத்து, பழைய சோக் டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் அந்த விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும், வேகம் சரியாக 33⅓ என்றால் கோடுகள் அசையாமல் நிற்கும். இதற்கும் எல்.ஈ.டி. உதவாது, பலவற்றில் அந்த மினுக்கலே இருக்காது. வீட்டில் ஒரு பழைய டியூப்லைட்டைக் கழற்றாமல் வைத்திருப்பதற்கு எனக்கு இது ஒன்றுதான் காரணம்.

உண்மையைச் சொல்லுங்கள், சி.டி.யை விட ரெக்கார்டு நன்றாக இருக்கிறதா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இல்லை. அளந்து பார்த்தால் இரைச்சலிலும் வேகத்திலும் சத்தத்தின் ஏற்ற இறக்கத்திலும் சி.டி.தான் ஜெயிக்கும். எனக்கு ரெக்கார்டு பிடிக்கும், அது வேறு விஷயம்.

புது டர்ன்டேபிள் வாங்கி ஹோம் தியேட்டரில் ஆக்ஸ் ஓட்டையில் சொருகினேன். பாட்டு கொசு பாடுகிற மாதிரி கேட்கிறது, கூடவே "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல். ஏமாந்துவிட்டேனா?
— ஒரு வாசகர், சென்னை

ஏமாறவில்லை, நடுவே ஒரு பெட்டி குறைகிறது. மேக்னெட் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது வெறும் 5 மில்லிவோல்ட் அளவு, ஆக்ஸ் ஓட்டை எதிர்பார்ப்பதோ அதைப்போல் பலமடங்கு. அது மட்டும் இல்லை. பேஸ் ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக வளைந்து பக்கத்துப் பள்ளத்தில் இடித்துவிடும் என்பதால், தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, கீச்சு ஒலியைக் கூட்டிவிடுவார்கள். ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்ததை 1954 வாக்கில் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒரே அளவாக்கினார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாக்கிக் கொடுக்கவேண்டும், அந்த வேலையையும் சேர்த்துச் செய்வதுதான் ஃபோனோ பிரீஆம்ப். நீங்கள் கேட்டது தலைகீழாக்காத பாட்டு. எழுபது, எண்பதுகளின் ஆம்ப்ளிஃபயர்களில் 'ஃபோனோ' என்று தனி ஓட்டையே இருக்கும், இப்போது தனியாக வாங்கவேண்டும். வாங்குவதற்கு முன் டர்ன்டேபிளின் பின்பக்கம் பாருங்கள், பல புது மாடல்களில் உள்ளேயே வைத்து ஒரு சின்ன சுவிட்ச் கொடுத்திருப்பார்கள். அதைத் தள்ளினால் முடிந்தது வேலை. "ம்ம்ம்" இரைச்சலுக்கு, டர்ன்டேபிளிலிருந்து தனியாகத் தொங்கும் மெல்லிய எர்த் ஒயரை பிரீஆம்ப்பின் திருகில் மாட்டுங்கள். எதற்கு இந்த ஒயர் என்று நறுக்கிப்போட்டவர்களும் எழுதியிருக்கிறார்கள். நறுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் தட்டு குதித்தால் கையின் மேல் நாலணா வைப்போம். இப்போதும் அப்படியே செய்யலாமா? ஊசியை எப்போது மாற்றவேண்டும்?
— ஒரு வாசகர், மதுரை

எல்லோர் வீட்டிலும் வைத்தோம், அதனால்தான் அந்தத் தட்டுகள் இன்றைக்கு இப்படிக் கரகரக்கின்றன. நிக்கல் நாலணா இரண்டரை கிராம். ஒன்றரை, இரண்டு கிராம் அழுத்தத்துக்குச் செய்த மேக்னெட் கார்ட்ரிட்ஜின் மேல் அதை வைத்தால் இரட்டிப்புக்கும் மேல் ஆகிவிடும். கார்ட்ரிட்ஜோடு வந்த தாளில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி அளந்து வையுங்கள். குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள், அதுவும் தப்பு. ஊசி பள்ளத்துக்குள் தத்தித் தத்தி இரண்டு சுவரையும் கொத்தும்.

தட்டு குதிப்பதற்குக் காரணம் அனேகமாக ஊசி நுனியில் திரண்ட தூசிப் பஞ்சு, இல்லையென்றால் தேய்ந்த ஊசி, இல்லையென்றால் சமமில்லாத மேஜை. எதற்கும் காசு மருந்தில்லை. வைர ஊசி 500-லிருந்து 1000 மணி நேரம் வரை உழைக்கும், நீலக்கல் ஊசி அதில் சின்னப் பங்குகூட வராது. இந்தப் பொழுதுபோக்கில் எதில் வேண்டுமானாலும் கஞ்சத்தனம் செய்யுங்கள், என் பெட்டியின் மரச்சட்டமே பழைய கட்டிலிலிருந்து எடுத்ததுதான், ஆனால் ஊசியில் மட்டும் கூடாது. மற்றது கெட்டால் அது மட்டும்தான் கெடும். ஊசி கெட்டால் அலமாரியில் இருக்கும் தட்டு ஒவ்வொன்றாகக் கெடும். அமெரிக்காவின் ஷ்யூர் நிறுவனம் 2018-ல் கார்ட்ரிட்ஜ் செய்வதையே நிறுத்திவிட்டது என்றாலும், ஜப்பானின் ஜிகோ மாதிரி நிறுவனங்கள் பழைய மாடல்களுக்கு மாற்று ஊசி செய்துகொண்டிருக்கின்றன.

இன்னொன்று. பழைய செராமிக் கார்ட்ரிட்ஜில் திருப்பிப் போடுகிற ஊசி இருக்கும், ஒரு பக்கம் 78-க்கு, மறுபக்கம் எல்.பி.க்கு. 78 ஊசியின் நுனி வளைவின் ஆரம் ஏறத்தாழ 75 மைக்ரான், தலைமுடி தடிமன் அளவு. எல்.பி.க்கு 18-லிருந்து 25 வரை. எல்.பி. பக்கத்தை 78-இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கை வாரும், கரகரவென்று கேட்கும், அவ்வளவுதான். 78 பக்கத்தை எல்.பி.யில் வைத்தால் தட்டு போச்சு.

சுற்றுலா போன இடத்தில் பளபளவென்று பித்தளைக் குழாய், எட்டு மூலைப் பெட்டி, நாய்ப் படத்தோடு ஒரு கிராமபோன். நூறு வருஷத்துப் பொருள் என்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு வாசகி, சேலம்

அலங்காரத்துக்கு என்றால் உங்கள் இஷ்டம். ஆனால் பழைய சூட்கேஸ் கிராமபோனின் மோட்டாரைக் கழற்றி, புதுப் பெட்டியில் வைத்து, புதிதாகத் தட்டிய குழாயை மாட்டி விற்பது நம் நாட்டில் நெடுநாளாக நடக்கிற கைத்தொழில். குழாய் காகிதம் மாதிரி மெல்லிசா, இணைப்பில் ஈயம் வழிந்திருக்கிறதா, மரத்தில் புது வார்னிஷ் வாசனையா, குழாயைத் தாங்கும் வளைவு நேர்த்தியில்லாமல் தடியாக இருக்கிறதா, பாருங்கள். நம் வீடுகளில் உண்மையில் இருந்ததெல்லாம் பெரும்பாலும் குழாயே இல்லாத கைப்பெட்டிகள்தான், 1931-ல் வந்த எச்.எம்.வி. 102 போல. நாய்ப் படம் இல்லாமல் கீறலோடு அப்படி ஒன்று கிடைத்தால் அதை வாங்குங்கள், சத்தமும் அதில்தான் நன்றாக இருக்கும்.

எது வாங்கினாலும் இரும்பு முள் ஒன்றுக்கு ஒரு பக்கம்தான், பாட்டு முடிந்ததும் தூக்கிப் போடவேண்டும். சாவி கொடுக்கிற கிராமபோனில் ஈ.பி.யோ (சில பாட்டுகள் மட்டும் அடங்கும் சின்ன 45 சுற்றுத் தட்டு) எல்.பி.யோ வைக்கவே கூடாது. அந்தத் தலை நூறு கிராமுக்கு மேல் கனம், ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும்.

எங்கள் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தட்டுகளை அங்கே வைக்கலாமா?
— ஒரு வாசகர், வேலூர்

வேலூரில், ஆஸ்பெஸ்டாஸுக்கு அடியில், சித்திரையிலா! அப்பளம் பொரிப்பது போல ஆகிவிடும். கீழே கொண்டுவந்து, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், புத்தகம் மாதிரி நேராக நிறுத்தி வையுங்கள். சாய்த்து வைத்தாலும் படுக்கப்போட்டு அடுக்கினாலும் வளையும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் உறை தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உரித்துப் போட்டுவிட்டுக் காகித உறைக்கு மாற்றுங்கள்.

அப்பா கிராமத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். நானூறு ஈ.பி., கொஞ்சம் 78, இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் இருக்கின்றன. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
— ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

முதலில் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். சவுண்ட் சர்வீஸ் தட்டுகள் ஆடி மாதப் புழுதியில், பந்தக்கால் ஓரத்தில், கனத்த கையில், ஒரே பாட்டு இரவு முழுவதும் என்று ஓடியவை. சீமந்தத்துக்கும் காதுகுத்துக்கும் எந்தப் பாட்டு போடுவார்களோ அந்தத் தட்டுகள் சாம்பல் நிறமாகியிருக்கும், அவற்றில் பாட்டே மிச்சமிருக்காது, கீறல் விழுந்த ரெக்கார்டு என்று ஊரில் சொல்வது இவற்றைத்தான். ஆனால் நேயர் விருப்பத்தில் வராத பாட்டுகளும் அப்பா வாங்கியிருப்பாரே! ஓடாத படத்தின் பாட்டு, யாரும் கேட்காத பக்திப் பாட்டு, தேர்தல் பேச்சு, நாடக வசனம். அவையெல்லாம் ஓடாததால் பளபளப்பாக இருக்கும், மறுபடி எங்கும் வெளிவராததும் அவற்றில்தான் இருக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கருப்பாக மின்னுவதையும் சாம்பலாக மங்கியதையும் இரண்டு குவியலாகப் பிரியுங்கள். மின்னுகிற குவியலை யார் வந்து கேட்டாலும் மொத்தமாகக் கொடுக்காதீர்கள், ஒவ்வொன்றின் லேபிளையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் பேசுங்கள். உறை கிழிந்திருந்தாலும் போடாதீர்கள், பாட்டுப் பட்டியல் அதில்தான் இருக்கும்.

ஆம்ப்ளிஃபயரை கும்பகோணம் வாசகிக்குச் சொன்ன மாதிரி சீரீஸ் பல்பு இல்லாமல் போடவே வேண்டாம், உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் கொஞ்ச நேரம் நிற்கும். வால்வுகளைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். கூம்பு ஸ்பீக்கரில் அலுமினியம் இருப்பதால்தான் இரும்புக்காரர் அவ்வளவு ஆசையாகக் கேட்கிறார். எடைக்குத்தான் போடுவேன் என்றால் பின்னால் இருக்கும், சத்தத்தை எழுப்புகிற யூனிட்டையாவது திருகிக் கழற்றிக்கொண்டு கூம்பை மட்டும் கொடுங்கள்.